மாமி சொன்னபடி

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் எனக்கு ஏதாவது எடுத்து வைத்திருப்பாள். இன்று இல்லாவிட்டாலும் என்றைக்காவது, நான் மறந்திருக்கும் நேரத்தில், சிரித்த முகத்தோடு வந்து கொடுத்துவிட்டுப் போவாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் தூங்குகிற பிறவி இல்லை அது.

நான் பெரம்பலூரில் ஒரு முஸ்லிம் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து வந்தவள், ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே தங்கிவிட்டேன். கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் மகனும். எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, பாசம் கிடையாது. தன் தொட்டி நிறைந்ததும் ‘கரண்டு பில்லு ஏறுது டீச்சரம்மா’ என்று மோட்டாரை அணைத்துவிடுவார். தலை நிறைய சோப்பு நுரையோடு நான் குழாயைப் பார்த்து நின்ற நாள்கள் உண்டு. ஆகையால் அந்த அம்மாவைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கசப்பு தட்டினால் தட்டட்டும். நான் என்ன நீதிபதியா?

அவள் வீட்டுக்காரம்மாவின் தம்பி மகள், அந்த அம்மாவை மாமி என்று கூப்பிடுவாள். லண்டனில் பிறந்து வளர்ந்தவள். தாய் சின்ன வயதிலேயே இறந்துபோனாள். தகப்பன் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மகளையும் வளர்த்து, இங்கே அக்காவுக்கு வீடும் கட்டிக் கொடுத்தவர். நல்ல மனிதர், ஆனால் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார். சிறு வயதில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். அதைச் சொல்லியே அவரை ஆட்டி வைத்தாள். 

பெண் அங்கே காலேஜில் சேர இருந்த சமயம். யாரோ தோழியின் பிறந்தநாள் விருந்தில் வெள்ளைக்காரப் பையன்களோடு சேர்ந்து நின்று எடுத்த படம் ஒன்று, எப்படியோ சுற்றி மாமியின் மகன் போனுக்கு வந்தது. மகன் தாயிடம் காட்ட, தாய் தம்பியிடம் போனில் ஒப்பாரி வைக்க, ‘மாமிக்கு உடம்பு முடியல, பாத்துட்டு வந்துரலாம்’ என்று சொல்லிப் பெண்ணை இங்கே கூட்டி வந்துவிட்டார் தகப்பன். மாமி திடமாகத்தான் இருந்தாள். வந்த அன்றே ‘பத்திரமா வச்சிருக்கேன் தங்கம்’ என்று பெண்ணின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். லீவு முடிந்தது என்று தகப்பன் மட்டும் விமானம் ஏறினார். தன் மகனுக்குக் கட்டிவைப்பதென்று மாமி எப்போதோ முடிவு செய்திருந்தாள். பெண்ணுக்கு இருந்தது ஒரே ஆசை, திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும். அதற்கு அந்தப் பீரோ திறந்தாக வேண்டும். 

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், பட்டினி கிடந்திருப்பாள், சுவரேறிக் குதித்திருப்பாள். இவள் அதில் எதையும் செய்யவில்லை. மாமி என்ன சொன்னாலும் ‘சரிங்க மாமி’ என்றாள். அந்த ‘சரிங்க மாமி’யைக் கேட்டால் கொஞ்ச நாளில் எனக்கே பயம் வர ஆரம்பித்துவிட்டது.

முதல் நாள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, தலையில் துணி இல்லாமல் காரிலிருந்து இறங்கினாள். மாமி வாசலிலேயே ஆரம்பித்தாள். 

“இது லண்டன் இல்ல. இந்த வூட்டுல மார்க்கப்படிதான் இருக்கணும். தலையில துணியில்லாம யார் கண்ணுலயும் படக் கூடாது.”

“சரிங்க மாமி.”

மறுநாளே கழுத்து முதல் கால் வரை மூடிக்கொண்டாள். அதோடு விட்டாளா? மாமியின் மகன் சாப்பிட வந்து உட்கார்ந்தால், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமிக்கோ, பெண் கையால் மகனுக்கு ஒரு கரண்டி சோறு விழ வேண்டும், இரண்டும் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஆசை. 

“வந்து மச்சானுக்குக் கறி வைம்மா.”

“மச்சான் எனக்குக் கட்டிக்கிற முறை மாமி. அண்ணன் தம்பி இல்லையே. நான் எப்படி முன்னாடி வர்றது? மார்க்கத்துல கூடாதே.” கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். “மச்சான், நீங்களும் பார்வையத் தாழ்த்திக்கோங்க. ஆம்பளைங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கு.” 

அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். பார்வையைத் தாழ்த்தினால் அவனுக்குத் தெரிந்தது போன் மட்டும்தான். கூடத்தில் நடக்கும்போதெல்லாம் உள்ளே இருந்து ‘பார்வை, மச்சான்’ என்று குரல் வரும். பாவம், தன் வீட்டிலேயே குனிந்துகொண்டு நடந்தான்.

மாமி விடியற்காலைத் தொழுகையைப் பற்றி ஒரு நாள் வாய் கொடுத்தாள். ‘சுபுஹு தொழாத வூட்டுல பரக்கத்து இருக்காது’ என்று. சரிங்க மாமி. அடுத்த நாள் விடிவதற்கு முன்னால் மாமி அறைக் கதவு தட்டப்பட்டது. பிறகு மகன் அறைக் கதவு. பள்ளிவாசல் பாங்கு ஒரு பக்கம், இவள் மறுபக்கம். மாமியும் மகனும் சுபுஹை ஊருக்குச் சொல்வார்களே தவிர எழுந்து பார்த்தவர்கள் இல்லை. ‘இன்னிக்கு ஒடம்பு வலிம்மா’ என்றால், ‘ஒக்காந்துகூடத் தொழலாம் மாமி, நாற்காலி போடவா?’ என்பாள். மாடியில் படுத்துக்கொண்டு நான் கேட்பேன். எனக்கு அந்த நேரம் ஜெபம் சொல்லும் நேரம். ஆண்டவர் மன்னிக்கட்டும், ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

மாடிக்கு வர மட்டும் அவளுக்கு அனுமதி இருந்தது. கிறிஸ்தவப் பொம்பளை, வயதானவள், டீச்சர், என்ன கெட்டுப்போகும் என்று மாமி நினைத்திருப்பாள். வந்து என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசுவாள். என்னை ‘மிஸ்’ என்பாள். தகப்பன் வாயிலிருந்து கற்றதால் அவள் தமிழ் அச்சு அசலாக இந்த ஊர்த் தமிழ். நடுநடுவே மட்டும் இங்கிலீஷ் எட்டிப் பார்க்கும். 

அப்போது ஒரு நாள் சொன்னாள். அங்கே ஒரு பேக்கரியில் சனிக்கிழமை வேலைக்குப் போனாளாம். அதுவரை தலையில் துணி போடுகிற பழக்கமே அவளுக்கு இல்லை. நோன்பு மாதத்தில் ஒரு நாள் ஆசைக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரி, ‘அதைக் கழற்று, வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்றாளாம். அன்று முதல் இவள் அதைக் கழற்றவே இல்லை. தின்பண்டம் விற்கிற இடத்தில் முடியை மூட வேண்டும் என்று அந்த ஊரில் சட்டம். சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்த அன்று கடையில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றது கடைக்காரி ஒருத்திதான். ‘சார், இவங்க தலையைப் பாருங்க’ என்று காட்டிக் கொடுத்தது இவள்.

“அப்புறம் இங்க வந்து எறங்கறப்ப ஏன் கழட்டிப் போட்டுட்டு வந்தே?” என்றேன்.

“அங்க கழட்டுன்னாங்க, போட்டேன். இங்க போடுன்னுதான் சொல்லுவாங்கன்னு தெரியும், கழட்டினேன்.” கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தாள். “எனக்காக எப்ப போட்டேன், எப்ப கழட்டினேன்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வரல மிஸ். அந்த நோன்புல ஒரு நாள், அவ்வளவுதான்.”

அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பக்கத்து ஆள்களும் சேர்ந்து அந்தப் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. 

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டும் கொஞ்சம் பழகட்டும் என்று ரஞ்சன்குடி கோட்டைக்கு வேன் வைத்துக் கூட்டிப்போனாள் மாமி. துணைக்கு நானும் போனேன். கிளம்பும்போதே மாமி சொல்லிவிட்டாள், ‘இனிமே மச்சான் சொல்றதைக் கேட்டு நடந்துக்க.’ சரிங்க மாமி. சித்திரை வெயில். கோட்டை மேலே மகன் போனைத் தூக்கிக்கொண்டு, ‘அங்கேயே நில்லு, நான் சொல்றவரைக்கும் அசையாத’ என்று படம் எடுத்தான். எடுத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று போனில் பேசிக்கொண்டே இறங்கிவிட்டான். கீழே எல்லோரும் வேனில் ஏறிய பிறகுதான் பெண்ணைக் காணோம் என்று தெரிந்தது. மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஓடிவிட்டாள், போலீசுக்குப் போனால் மானம் போய்விடும் என்று அழுதாள். மகன் மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்தால், கறுப்பு உடையில் வேர்த்து ஒழுக, விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். 

“நீங்க சொல்லவே இல்லையே மச்சான்” என்றாளாம்.

அன்றிலிருந்து அந்தப் பையன் இவளிடம் எதையும் சொல்லப் பயந்தான். நின்றவளுக்கும்தான் கால் கொப்பளித்துவிட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தனக்கு வலித்தாலும் பரவாயில்லை, எதிராளிக்கு வலித்தால் சரி என்கிற குணம் அது. எனக்குப் பிடித்ததும் அதுதான், பயந்ததும் அதுதான்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். நான் பொறுக்க முடியாமல், “வா, போலீஸ் ஸ்டேஷன் போவோம், நான் வரேன்” என்றேன். 

“வேணாம் மிஸ். போலீஸ் வந்தா மாமி அழுவாங்க. அழுதா ஊரே அவங்க பக்கம் போயிரும். எனக்கு மாமி அழக் கூடாது. முழிக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். தகப்பனை அவள் அத்தா என்றுதான் சொல்வாள். “எங்கத்தா வராரு. அவரு ஒரே ஒரு தடவ எங்கிட்ட, ஒனக்கு இஷ்டமாம்மான்னு கேக்கட்டும். கேட்டுட்டாருன்னா நான் யாரையும் ஒண்ணும் செய்யமாட்டேன். இல்லத்தான்னு சொல்லிட்டு அவரோடயே போயிருவேன்.”

தகப்பன் வந்தார். பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்தார். மாடிக்கும் ஒரு பொட்டலம் வந்தது. மகள் முகத்தை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரவு சாப்பாடு ஆனதும் ‘பயணக் களைப்பு’ என்று படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலை அவள் மாடிக்கு வந்து, ‘கேக்கல மிஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நிச்சய நாள். கூடத்தில் ஆண்கள். நடுவில் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜரத். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள், நானும் ஒரு ஓரமாக. பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பொருளுக்கு மஹர் என்று பேர். என்ன வேண்டும் என்று கேட்கிற உரிமை பெண்ணுடையது. ஆனால் எந்தப் பெண் வாயைத் திறந்து கேட்கிறாள்? ‘பெரியவங்க பாத்து செய்யட்டும்’ என்று யாராவது ஒரு கிழவி சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். மாமிக்கு அன்றைக்குப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. லண்டன் பெண்ணைத் தான் வழிக்குக் கொண்டுவந்ததை ஊர் பார்க்க வேண்டும்.

“ஹஜரத், புள்ளகிட்டயே கேளுங்க” என்றாள் திரை வழியாக. “லண்டன்ல வளந்தாலும் நம்ம வூட்டுப் புள்ள. நான் சொன்னத மீறாது.” இந்தப் பக்கம் திரும்பி, “மனசுல என்ன இருக்கோ அதக் கேளு தங்கம்” என்றாள்.

“மனசுல இருக்கறதையா மாமி?”

“ஆமாடி என் கண்ணு.”

“சரிங்க மாமி.”

அவள் திரைப் பக்கம் திரும்பி, வகுப்பில் எழுந்து பதில் சொல்கிற பிள்ளையைப் போல நிதானமாகச் சொன்னாள். 

“என்னோட பாஸ்போர்ட்டு வேணும் ஹஜரத்.”

ஹஜரத் திரைப் பக்கம் காதைத் திருப்பினார். 

“பாஸ்போர்ட்டா? யாரோடதும்மா?”

“என்னோடதுதான். மாமி பீரோவுல இருக்கு. நான் வந்த அன்னிக்கே வாங்கிப் பூட்டிட்டாங்க.”

ஹஜரத் தொண்டையைச் செருமினார். “மஹருங்கறது மாப்புள்ள தன்னோட பொருள்லேர்ந்து குடுக்கறது. பொண்ணோட பொருளையே பொண்ணுக்கு மஹரா குடுக்க முடியாது. அது கூடாது. அடுத்தவங்க பொருள அமானிதமா வாங்கி வச்சிருந்தா, கேட்ட ஒடனே குடுத்துரணும். ஏம்மா, அத எடுத்தாந்து மொதல்ல புள்ள கையில குடுங்க. பெறகு மஹரப் பேசுவோம்.”

மாமி முழித்தாள். அப்பா, அந்த முழியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள், இந்தப் பக்கம் சொந்தக்காரப் பெண்கள். மறுத்தால் அமானிதத்தை அமுக்கினவள் என்று பேர். இடுப்புச் சாவியை எடுத்தாள். பீரோ திறக்கிற சத்தம் எனக்குக் கோயில் மணி கேட்டது போல இருந்தது. கொண்டுவந்து கொடுத்ததைப் பெண் பிரித்துத் தன் படத்தைப் பார்த்துக்கொண்டு, உடைக்குள் செருகிக்கொண்டாள். 

“இப்ப சொல்லும்மா” என்றார் ஹஜரத். “மஹர் என்ன வேணும்?”

“மஹர் வேணாம் ஹஜரத். எனக்கு இந்த நிக்காஹுல சம்மதம் இல்ல.”

“யா அல்லாஹ்! இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. இத்தன பேரக் கூட்டி வச்சிட்டு…”

“யாரும் என்னையக் கேக்கல ஹஜரத். நீங்கதான் மொத ஆளு.”

அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? பெண்ணுக்குச் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். திரை இடுக்கில் தகப்பனைப் பார்த்தேன். தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஊர் பிரியாணியைத் தின்றுவிட்டுத்தான் போனது. நானும் தின்றேன். அவ்வளவு ருசியான பிரியாணியை அந்த வீட்டில் அதற்கு முன்பும் பின்பும் நான் தின்றதில்லை. 

அவள் அன்று மாலையே பெட்டியோடு புறப்பட்டாள். தகப்பன் முன்னால் போய் நின்று, “போயிட்டு வரேன் அத்தா” என்றாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தாள்.

“ஊரு முன்னாடி என் மூஞ்சியில கரியப் பூசிட்டுப் போறியா? கேட்டுக்க. ஒங்கத்தாவே கெடையில கெடந்து கூப்புட்டாலும் இந்த வூட்டுக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது!”

அவள் திரும்பிப் பார்த்தாள். தகப்பன் காசில் கட்டிய வீட்டை, மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தாள். 

“சரிங்க மாமி.”

பிறகு அவள் படித்தாள், வேலைக்குப் போனாள். என்னோடு போனில் பேசுவாள். தகப்பன் அவளோடு பேசுவதை விட்டுவிட்டார். வேலையையும் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தார். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாமி சொல்லவில்லை. நான்தான் போன் செய்து சொன்னேன்.

வந்துவிட்டாள். சென்னை பஸ்ஸில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றாள். ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, தலையில் நீலத் துணி. யாருக்காகப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. 

மாமி வெளியே வந்தாள். வயதாகிவிட்டிருந்தது. “வந்துட்டியா. உள்ள வா.”

“வேணாம் மாமி. நீங்க கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“அது ஏதோ கோவத்துல சொன்னதும்மா.”

“நீங்க சொன்னத நான் எப்ப மாமி மீறியிருக்கேன்? அத்தாவ வெளிய கூட்டியாங்க. பாத்துட்டுப் போறேன்.”

சின்ன வெங்காயம் விற்கிற வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தன. ‘பெத்தவரப் பாக்க வந்த மகளையா உள்ள வரக் கூடாதுன்னு சொன்னீங்க?’ என்று எதிர்வீட்டுக்காரி மாமியைக் கேட்டேவிட்டாள். மாமியும் மகனும் தகப்பனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தார்கள். இவள் மண் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துவிட்டு, கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டினாள். கோணிய வாயில் வழிந்ததைத் தன் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள்.

லீவு முடியும்வரை புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினாள். என் மாடிப்படி கேட்டுக்கு உள்ளே இருக்கிறதாம், அதுவும் மாமி வீடுதானாம். எனக்கே கோபம் வந்துவிட்டது. தெருவில் நின்றுதான் அவளுக்கு இட்லி கொடுத்தேன். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிகிற நேரத்துக்கு வந்து நிற்பாள். தினமும் மாமி நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஊர் வேடிக்கை பார்க்கும். மாமி கையைப் பிடித்துக் கெஞ்சினாள், ஹஜரத்தைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னாள். அவள் அசையவில்லை.

ஊருக்குத் திரும்புகிற கடைசி நாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல முயன்றார். வாய் குழறியது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் மாமிக்கும் கேட்டது. 

“உள்ள… வர்றியாம்மா? ஒனக்கு… இஷ்டமா?”

கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது. பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, “இப்பதானே கேக்குறீங்க அத்தா, இப்பதானே கேக்குறீங்க” என்று தேம்பினாள். நான் நினைத்தேன், சரி, உடைந்துவிட்டாள், உள்ளே போய்விடுவாள் என்று. மாமியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கேட்டை அகலத் திறந்துவிட்டாள். 

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். 

“இல்லத்தா. எனக்கு இஷ்டமில்ல.”

அவர் தலையை ஆட்டினார். நல்ல கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். 

அவர் இப்போதும் அஸர் நேரம் ஆனால் தெருவில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிக் கத்துகிறார். வைக்காவிட்டால் கஞ்சி குடிப்பதில்லை. மகன் கடையில் இருக்கும் நேரம், மாமியே யாராவது ஓர் ஆளைக் கூப்பிட்டு நாற்காலியைத் தூக்குகிறாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் ‘மக வரலையா?’ என்று மாமியைத்தான் கேட்கிறார்கள். மாமி ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்கிறாள். மாடியிலிருந்து பார்க்கிற நான், மாமி பாவம் என்று சொல்லத்தான் வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.